பருத்திமார் எரியும், மஞ்சித்தூள் எரியாது: மதுரைப் பக்கத்து நார்க்கழிவும் எரிபொருள் கணக்கும்

மதுரையில் சாயங்கால நேரத்தில் பருத்திப்பால் வண்டி பக்கத்தில் நின்று ஒரு டம்ளராவது குடித்திருப்பீர்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பாலெடுத்து, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் காய்ச்சுகிறார்கள். பிழிந்ததும் ஒரு சக்கை மிஞ்சுமே, அது எங்கே போகிறது என்று வண்டிக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். "மாட்டுக்குண்ணே. அதுக்கும் ஆள் இருக்கு. வாளியோட வந்து நிப்பாங்க" என்றார்.

நார்ப்பயிர்களின் கழிவிலிருந்து எரிசக்தி எடுப்பது பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ‘கழிவு’ என்று ஒரு சொல்லைக் காகிதத்தில் எழுதிவிட்டால் மேற்கொண்டு வேலை சுலபம். இத்தனை லட்சம் டன், டன்னுக்கு இத்தனை கலோரி, ஆக இத்தனை மெகாவாட் என்று பெருக்கிக்கொண்டே போகலாம். ஊருக்குள் வந்து பார்த்தால் அதில் ஒரு பங்குக்கு ஏற்கெனவே விலை இருக்கும். இன்னொரு பங்குக்கு வாளியோடு ஆள் நிற்பார். மிச்சம் நனைந்து கிடக்கும். எரிபொருள் என்பது வரிசையில் கடைசியாக நிற்கிற வாடிக்கையாளர். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டதுதான் அடுப்புக்கு வரும். அப்படி யாரும் சீண்டாமல் கிடப்பது மதுரையைச் சுற்றி என்னென்ன என்று பார்த்தால்தான் இந்தப் பேச்சுக்கு ஒரு உருவம் கிடைக்கும்.

முதலில் பருத்தி. திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் என்று தெற்கும் மேற்கும் இறங்கினால் கரிசல் ஆரம்பித்துவிடும். அது அப்படியே விருதுநகர், இராஜபாளையம் பக்கம் நீளுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மில் போட்டதற்கு இந்தக் கரிசலும் ஒரு காரணம். காட்டிலிருந்து 100 கிலோ பருத்தி, கொட்டையைப் பிரித்தெடுக்கும் ஜின்னிங் மில்லுக்குப் போனால், பஞ்சாக வெளியே வருவது 33-லிருந்து 35 கிலோ. மீதியில் பெரும்பங்கு கொட்டை. தூசி, சருகு என்று போவது சில கிலோதான்.

கொட்டையைக் கழிவு என்று யாராவது சொன்னால் மாடு வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். எண்ணெய், புண்ணாக்கு, தீவனம், பருத்திப்பால் என்று அதற்கு நாலு வழி இருக்கிறது. பஞ்சு நூல் மில்லுக்குள் போன பிறகும் இதே கதைதான். பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் புளோரூமில் கொஞ்சம், சிக்கெடுக்கும் கார்டிங்கில் கொஞ்சம், இழையைச் சீவும் கோம்பரில் கொஞ்சம் என்று கழிவுப் பஞ்சு விழுந்துகொண்டே இருக்கும். அதை வாங்கிப் போய் முரட்டு நூல் நூற்பதற்கென்றே தனியாக மில்கள் இருக்கின்றன. போர்வைக்கும் தரைவிரிப்புக்கும் அந்த நூல் போகிறது. கோம்பரில் விழும் குட்டை இழைக்கு மருத்துவப் பஞ்சு செய்கிறவர்களிடம் நல்ல விலை உண்டு.

எல்லாரும் எடுத்தது போக மிஞ்சுவது, கழிவுப் பஞ்சைத் திரும்பவும் உதறும்போது விழுகிற தூசி. வில்லோ தூசி என்று மில்காரர்கள் சொல்வார்கள். பொடி இழை, இலைத்துணுக்கு, மண் எல்லாம் கலந்த சாம்பல் நிறக் குப்பை. நூற்க முடியாது. மூட்டை கட்டி வைத்தால் தீப்பிடிக்கும் பயம் வேறு. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ், செடியின் நார்ப்பொருள். பஞ்சே செல்லுலோஸ்தானே. அதனால் சாணக்கரைசலோடு சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு தரும். 1924-இல் மும்பையில் தொடங்கப்பட்ட பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், இன்று சிர்காட் என்று அறியப்படுவது, இந்தத் தூசியிலிருந்து வாயு எடுக்கும் முறையை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. மில் கேன்டீனில் சோறு பொங்குவதற்கு இது நல்ல யோசனை. மில்லை ஓட்டுவதற்கு இல்லை.

இதுவரை சொன்னது மில்லுக்கு வந்து சேர்ந்த பருத்தியின் கதை. எடையில் பார்த்தால் பெரிய பங்கு மில்லுக்கு வருவதே இல்லை. அது காட்டிலேயே நிற்கிறது. அதுதான் பருத்திமார்.

எடுப்பு முடிந்து இலை உதிர்ந்த பின் நிற்கும் செடியைக் கரிசல் பக்கம் மார் என்பார்கள். போன சித்திரையில் பேரையூர் போகிற வழியில் ஒரு வரப்போரம் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். இடுப்புயரக் குவியல். ஒவ்வொரு குச்சியும் விரல் பருமன், அடியில் கட்டைவிரலுக்கு மேல். செம்பழுப்புத் தோல். பஞ்சு எடுத்த காய்க்கூடுகள் காய்ந்து நட்சத்திரம்போல விரிந்து நிற்கின்றன. கையை விட்டால் கீறிவிடும். அங்கங்கே ஒரு சுளைப் பஞ்சு அழுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தேன். சட்டென்று ஒடியவில்லை. தோல் நாராக உரிந்துகொண்டே வந்தது, உள்ளே வெள்ளையாகக் கட்டை.

இது சாதாரணக் குப்பை இல்லை, மரம். நன்றாகக் காய்ந்த மார் கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி வெப்பம் தரும். சீமைக் கருவேல விறகைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஏக்கருக்குச் சுமார் 1 டன் கிடைக்கும். மானாவாரியில் அதற்கும் குறையும், தண்ணீர் பாய்ச்சினால் கூடும். கியாஸ் அடுப்பு வராத காலத்தில் கரிசல் வீடுகளில் வருசம் முழுக்க அடுப்பெரிந்தது மாரில்தான். படப்பு போட்டு அடுக்கியிருப்பார்கள். வேலி அடைக்கவும் கூரைக்கு வரிச்சாகவும் அதுவே. இப்போது அந்தத் தேவை போய்விட்டது, மார் மட்டும் இருக்கிறது.

நான் குச்சியை ஒடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, காட்டுக்காரர் வந்துவிட்டார். எழுபது வயதிருக்கும். இதை யாரும் விலைக்கு எடுப்பதில்லையா ஐயா என்று கேட்டேன். "எடுக்க வந்தாங்க, ஒரு வருசம். பிடுங்கக் கூலி, ஏத்தக் கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் போக என் கையில என்ன நிக்கும்னு நீங்களே சொல்லுங்க தம்பி. நெருப்பு வச்சா ஒரு தீக்குச்சி செலவு."

மொத்தத் தொழில்நுட்பமும் மோத வேண்டிய போட்டியாளர் இந்தத் தீக்குச்சிதான்.

மாரைக் காட்டிலேயே விட்டு வைக்கவும் முடியாது. பறிக்காமல் விட்ட காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பட்டம்வரை சுருண்டு கிடக்கும். அதனால்தான் எடுப்பு முடிந்ததும் செடியை அகற்றச் சொல்லி வேளாண் துறை வருசா வருசம் சொல்கிறது. வரப்பில் குவித்து வைத்தாலும் புழுவுக்கு வீடு மாறுகிறதே தவிர ஒழிவதில்லை. அங்கேயே பொடியாக்கினால் புழு சாகும். டிராக்டரில் மாட்டி ஓட்டும் துண்டாக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. ஆக, மாரை நறுக்கி விற்பதில் வரும் காசைவிட அடுத்த போகத்தில் மருந்தடிக்கும் செலவு குறைவதுதான் சம்சாரிக்குப் பெரிய லாபமாக இருக்கக்கூடும். எரிபொருள் திட்டம் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் பேசிக் கேட்டதில்லை.

சரி, இதை வைத்து மின்சாரம் தயாரிக்கலாமே என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மெகாவாட் நிலையம் ஒன்று. பெரியது என்று சொல்ல முடியாது. ஒரு யூனிட்டுக்கு 1.3 கிலோ காய்ந்த மார் என்று வைத்தால், மணிக்கு 13 டன், நாளுக்கு 300 டன்னுக்கு மேல். வருசத்தில் 7,000 மணி நேரம் ஓடினால் 91,000 டன். ஏக்கருக்கு 1 டன் என்றால் 91,000 ஏக்கர் மார் வேண்டும், சுமார் 37,000 ஹெக்டேர். தமிழ்நாட்டின் மொத்தப் பருத்திப் பரப்பே ஒன்றரை லட்சம் ஹெக்டேர் அளவில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மாநிலத்தில் நாலில் ஒரு பங்கு மாரையும் ஒரே வாசலுக்குக் கொண்டுவந்தால்தான் அந்த ஒரு நிலையம் ஓடும். அதுவும் மார் கிடைப்பது வருசத்தில் இரண்டு மூன்று மாதம்தான். மிச்ச மாதத்துக்கு அடுக்கி வைக்க வேண்டும், மழையில் நனையாமல்.

சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கின்றனவே, அது எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். அங்கே சக்கையைத் தேடி யாரும் போவதில்லை. சாறுக்காக வந்த கரும்போடு சக்கையும் லாரி ஏறி வந்துவிடுகிறது. வண்டிக் கூலி சர்க்கரைக் கணக்கில் ஏறிவிட்டது. கொதிகலனும் பக்கத்திலேயே, நீராவி வேண்டிய ஆலையும் அதுவே. பருத்தியில் பஞ்சு ஒரு பக்கம் போகிறது, மார் காட்டில் நின்றுவிடுகிறது. ஒரே பயிர்தான், ஆனால் எரிய வேண்டியதும் எரிக்க வேண்டிய இடமும் சந்திப்பதே இல்லை.

இந்தப் பாடத்தைத் தென்மாவட்டங்கள் ஏற்கெனவே ஒருமுறை காசு கொடுத்துப் படித்திருக்கின்றன. 2000-க்குப் பிறகு சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் சீமைக் கருவேலத்தை நம்பி உயிர்ப்பொருள் மின்நிலையங்கள் வந்தன. ஆரம்பத்தில் விறகு சல்லிசாகக் கிடைத்தது. நிலையம் ஓட ஓட விறகுக்கு விலை ஏறியது. வாங்க ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தால் விலை ஏறத்தானே செய்யும். கரிமூட்டம் போடுகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், எல்லாரும் அதே விறகுக்குப் போட்டி. மின்சாரத்துக்கு மட்டும் விலை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டபடி நின்றது. சில நிலையங்கள் விட்டுவிட்டு ஓடின, சில நின்றே போயின.

அப்புறம் வெயில் வந்து சேர்ந்தது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. அதற்குப் பின் சூரிய மின்சாரத்தின் விலை இறங்கிய வேகத்தில், விறகு வாங்கி எரித்து மின்கம்பியில் விடுவது கட்டுப்படியாகாத வேலையாகிவிட்டது. வெயிலுக்கு ஏற்றுக்கூலி இல்லை, இறக்குக்கூலி இல்லை. மதுரை வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. சூரியன் இறங்கிய பிறகு உயிர்ப்பொருள் கைகொடுக்கும் என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், ஆனால் அந்த இரவு யூனிட்டுக்குத் தனி விலை தர யாராவது முன்வரும்வரை அது வாதமாகவே இருக்கும். போடிப் பக்கம் இலவம் பஞ்சு விளைகிற ஊர்களைத் தாண்டிப் போகும்போது கிளிக்கதை யாருக்கும் ஞாபகம் வரும். மெகாவாட் கனவில் முதல் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் அந்தக் கிளியைவிடப் பரிதாபம், கிளிக்குக் கடனாவது இல்லை.

பருத்தியை இங்கே நிறுத்திவிட்டுத் தென்னைக்கு வருகிறேன், ஏனென்றால் எதிர்மாறான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் என்று தண்ணீர் பாயும் பக்கமெல்லாம் தென்னை. நத்தம், சிங்கம்புணரி தாண்டும்போது சாலையோரம் மஞ்சி காய்வதைப் பார்க்கலாம். தேங்காய் நாருக்கு இங்கே மஞ்சி என்றுதான் பெயர். ஆயிரம் மட்டையை உடைத்தால் மஞ்சி 80-லிருந்து 100 கிலோ கிடைக்கும். தூள் அதைப்போல இரண்டு மடங்கு. நாருக்காக ஓடுகிற மில் உண்மையில் அதிகமாகத் தயாரிப்பது தூளைத்தான்.

இந்தத் தூள் ஒருகாலத்தில் மஞ்சி மில் உரிமையாளர்களின் தலைவலி. கம்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் குன்றாகக் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் காப்பித் தண்ணீர் மாதிரி ஒரு கசிவு இறங்கி வாய்க்காலில் சேரும். கோடையில் குவியலுக்குள் கங்கு பிடித்தால் மேலே ஒன்றும் தெரியாது, நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். அப்படி நாளெல்லாம் புகைகிற பொருள் நல்ல எரிபொருளாகத்தானே இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். காய்ந்த தூளை எடை போட்டால் கலோரி மாருக்குப் பக்கத்தில்தான் வருகிறது. வில்லங்கம் ‘காய்ந்த’ என்ற சொல்லில் இருக்கிறது.

மஞ்சித்தூள் தன் எடையைப்போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். மட்டையை நனைத்துத்தான் அடிக்கிறார்கள் என்பதால், மில்லிலிருந்து விழும் தூளில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீராக இருப்பதுண்டு. 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஈரத்தூளில் 200 கிராம்தான் பொருள். அது முழுதாக எரிந்தால் 800 கிலோ கலோரி. உள்ளே இருக்கும் 800 கிராம் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே ஏறக்குறைய 500 போய்விடும். மீதி 300. அடுப்புச் சுவரும் புகைபோக்கியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டால் சட்டிக்கு வந்து சேர்வது என்ன? தூள் தன்னைத்தானே காயவைத்துக்கொண்டு அணைந்துபோகும்.

வெயிலில் காயவைக்கலாம், காயவைக்கிறார்கள். சிமென்ட் களத்தில் பரப்பி, பெண்கள் நாளெல்லாம் கிளறிக்கொடுத்துக் காயவைத்து எடுக்கும் தூளுக்கு ஆகிற கூலியை யோசியுங்கள். அவ்வளவு பாடுபட்டுக் காயவைத்த தூளை எரிக்க மனசு வருமா? இப்போது தேவையும் இல்லை. உப்பைக் கழுவி நீக்கி, காயவைத்து, அழுத்திக் கட்டியாக்கி அனுப்பினால் சீனாவிலும் நெதர்லாந்திலும் செடி வளர்ப்பதற்கு மண்ணுக்குப் பதிலாக வாங்கிக்கொள்கிறார்கள். இந்தியாவின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதி மதிப்பில் இன்று பெரிய பங்கு, ஒருகாலத்தில் கம்மாய்க் கரையில் கொட்டிய இந்தத் தூளுக்குத்தான். கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்பது தனிக்கட்டுரைக்கு உரிய சண்டை, இங்கே வேண்டாம்.

ஏற்றுமதித் தரத்துக்கு வராத தூளை உரமாக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருசமாகச் சொல்லித்தரும் முறை: 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து, அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் வைப்பது. 112-க்கு 1 என்று இருக்கும் கரிமம்-தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 என்று இறங்கும். மண்ணில் போட்டால் ஈரம் பிடித்துவைக்கும். எரித்தால் கிடைக்கும் வெப்பத்தைவிட மானாவாரிக் காட்டுக்கு இந்த ஈரம் பெரிது என்பது என் கட்சி.

தூளை வாயுவாக மாற்றலாமே என்றால் அதுவும் எளிதில்லை. மாட்டு வயிற்றுக்குள் நடப்பதுதான் சாண எரிவாயுக் கலனுக்குள்ளும் நடக்கிறது. மாடு வைக்கோல் தின்னும், கடலைக்கொடி தின்னும், மஞ்சித்தூளை முகர்ந்துகூடப் பார்க்காது. காரணம் லிக்னின், மரத்தை மரமாக நிறுத்தி வைக்கிற பொருள். காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்களால் அதை உடைக்க முடிவதில்லை. தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான், மிச்சமிருக்கும் செல்லுலோஸையும் அது சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறது. காளானால் அவிழ்க்க முடியும், அதனால்தான் உரத்துக்குச் சிப்பிக்காளான். ஆக மஞ்சித்தூள் தண்ணீரில் ஊறிய மரம். நெருப்புக்கு ஈரம் ஆகாது, நுண்ணுயிருக்கு மரம் ஆகாது, இரண்டும் அதை வேண்டாம் என்கின்றன.

லிக்னினை வில்லனாக்கிவிட வேண்டாம். பருத்திமாரிலும் கால் பங்கு அளவுக்கு லிக்னின் உண்டு, அங்கே அதே பொருள் உதவிக்கு வருகிறது. மாரைப் பொடித்து அழுத்திக் கட்டையாக்கும்போது உராய்வுச் சூட்டில் லிக்னின் இளகி, ஆறும்போது பசைபோல இறுகிவிடும். தனியாகப் பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. பிரிக்கெட் என்று கொதிகலன்காரர்கள் சொல்வது இதைத்தான். டன்னுக்கு 50 யூனிட் வாக்கில் மின்சாரம் செலவாகும். அந்த டன்னில் இருக்கும் 40 லட்சம் கிலோ கலோரிக்கு முன் அது சுண்டைக்காய். மாரை அப்படியே ஏற்றினால் டிராக்டர் டிரெய்லரில் ஒரு டன் ஏற்றுவதற்குள் கயிறு போதாமல் போய்விடும். கட்டையாக்கினால் அதே டிரெய்லரில் பாதி நிறைவதற்குள் டன்னைத் தாண்டிவிடும்.

கட்டையில் ஒரு பலவீனம் உண்டு, அதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். வெந்நீர் அடுப்புக்கு என்று நாலு மூட்டை வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்தேன். ஐப்பசி மழையில் சாரலடித்த பக்கத்து மூட்டை இரண்டு நாளில் ஊதிப்போய், பிரித்துப் பார்த்தால் உள்ளே உப்புமா. விற்றவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இளகி ஒட்டிய லிக்னின் தண்ணீரைக் கண்டால் பிடியை விட்டுவிடும். விறகு நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம், கட்டை நனைந்தால் திரும்பவும் பொடிதான்.

வாழையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மல்லிகை கட்டுவது தொடங்கி, மேலக்கால் பக்கம் கயிறு திரித்துக் கூடை முடைவதுவரை வாழைநார் மதுரைக்குப் பழக்கமான பொருள். வாழைமரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், நார் நூற்றுக்கு ஒன்று தேறினால் பெரிது. இயந்திரத்தில் மட்டையைக் கொடுத்து நார் எடுத்தபின் சாறும் சதையும் குவியும். மரம் கிடையாது, லிக்னின் குறைவு, எல்லாம் ஈரம். நெருப்புக்கு லாயக்கில்லாத அதே காரணத்தால் வாயுக்கலனுக்கு ஏற்றது.

சிசல் என்கிற கற்றாழை நாரில் இதைப் பெரிதாகச் செய்துபார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. தான்சானியாவின் டாங்கா வட்டாரத்தில் ஹாலே என்ற இடத்துத் தோட்டம். அந்தக் கற்றாழை இலையின் எடையில் நூற்றுக்கு நாலு பங்குதான் நார். மிச்சம் முழுக்க நார் எடுக்கும் இயந்திரத்தின் வாயிலிருந்து கூழாக வெளியேறி ஆற்றை நாறடித்துக்கொண்டிருந்தது. 2008 வாக்கில் அங்கே அந்தக் கூழை நொதிக்கவைத்து 150 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் ஓடத் தொடங்கியது. கூழ் விழுகிற இடமும் மின்சாரம் வேண்டிய இடமும் ஒன்றே என்பதுதான் அதன் பலம். கரும்பாலையின் அதே கணக்கு.

நம்மூரில் வாழைநார் வேலை தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கிறது, அதனால் அந்த அளவுக்கு எண்ண வேண்டாம். வீட்டளவில் எண்ணலாம். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சமையல் கியாஸுக்குச் சமம். தினமும் ஒரு கன மீட்டர் கிடைத்தால் மாதத்தில் ஏறக்குறைய ஒரு சிலிண்டர். அதற்குச் சாணம் மட்டும் என்றால் நாளுக்கு 25 கிலோ வேண்டும். மாடுகள் குறைந்துபோன வீடுகளில் பழைய கலன்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. சாணத்தின் பாதியை நறுக்கிய வாழைச் சதை ஈடுகட்டினால் அவற்றில் சிலவாவது திரும்ப எரியும்.

மீண்டும் மாருக்கே வருகிறேன், மதுரைப் பக்கம் உண்மையில் உரிமைக்காரர் இல்லாமல் கிடப்பது அதுதான். 2021 அக்டோபரில் மத்திய மின்துறை, அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் உயிர்ப்பொருள் கட்டைகளைக் கலந்து எரிக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. வடக்கே வைக்கோல் புகை டில்லியை மூட்டம் போட்டதன் விளைவு அது. நமக்கு அனல்மின் நிலையம் என்றால் தூத்துக்குடி, மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அனுப்பலாம்தான். ஆனால் அங்கே கட்டை எரிந்தால் நிலக்கரியின் விலைதான் கிடைக்கும். இங்கேயே ஃபர்னஸ் ஆயில் எரிக்கிறவரிடம் விற்றால் எண்ணெய் விலையோடு பேரம் பேசலாம். எண்ணெய் கிலோவுக்கு 10,000 கிலோ கலோரி. இரண்டரைக் கிலோ கட்டை ஒரு கிலோ எண்ணெய்க்கு ஈடு. எண்ணெய் விலையை இரண்டரையால் வகுத்துவிட்டு, அதிலிருந்து கூலியும் வாடகையும் கழித்தால் மிச்சம் தெரியும். எந்த எரிபொருளை இடம்பெயர்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே கட்டைக்கு இரண்டு விலை.

அதனால் நான் மெகாவாட்டைத் தேடமாட்டேன், நீராவியைத் தேடுவேன். நூல் மில்லுக்கு வேண்டியது பெரும்பாலும் மின்சாரம், நீராவிக்கு அங்கே அதிக வேலை இல்லை. நீராவியும் வெந்நீரும் வேண்டியது சாயப்பட்டறைக்கு, நெல் அவிக்கும் மில்லுக்கு, சலவைக்காரர்களுக்கு. இவர்களெல்லாம் திருமங்கலம், விருதுநகர், இராஜபாளையம் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள், மார் கிடக்கும் காட்டிலிருந்து 20, 30 கிலோமீட்டரில். நாளுக்கு 2 டன் எரிக்கும் சின்னக் கொதிகலனுக்கு வருசத்தில் 300 நாள் என்றால் 600 டன், 600 ஏக்கர் மார். நாலைந்து கிராமம் சேர்ந்தால் முடிந்தது. 91,000 ஏக்கரைத் தேடி அலைய வேண்டாம்.

பிடுங்கும் கூலியை யார் தருவது என்ற காட்டுக்காரரின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. துண்டாக்கும் கருவியை ஒவ்வொருவரும் வாங்க முடியாது. நெல் அறுக்கும் இயந்திரம் வாடகைக்கு வருவதுபோல இதுவும் பங்குனி, சித்திரையில் ஊர் ஊராக வர வேண்டும். மாரை எடுத்துக்கொண்டு காட்டைச் சுத்தமாக விட்டுப்போனால் போதும், காசு வேண்டாம் என்று சொல்லக்கூடிய சம்சாரிகள் இருக்கிறார்கள். உழவுக்கு முன் ஒரு வேலை மிச்சம். அந்தச் சம்மதத்தைக் கொதிகலன்காரர் ஏமாற்று வேலையாக மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வேறு கதை.

எல்லா மாரையும் அள்ளிக்கொண்டு போவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கரிசலுக்குள் இலையும் வேரும் குச்சியும் திரும்பிப் போவது ஏற்கெனவே குறைந்துவிட்டது. மார் எரியும்போது தழைச்சத்து புகையோடு போய்விடும், திரும்ப வராது. சாம்பல்சத்து மட்டும் அடியில் தங்கும். 1 டன் மாருக்கு 40, 50 கிலோ சாம்பல். பொட்டாஷ் நிறைந்த அந்தச் சாம்பல் கொதிகலனுக்குள் அதிகச் சூட்டில் உருகிக் கிளிங்கராகக் கட்டிவிடும் என்பதால் ஆட்கள் அவ்வப்போது சுரண்டி எடுத்து வெளியே கொட்டுவார்கள், பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவரோரம். மார் ஏற்றி வந்த டிராக்டர் அதே வாசலில் இருந்து காலியாகத்தான் காட்டுக்குத் திரும்புகிறது. ஒப்பந்தம் எழுதும்போது அந்தத் திரும்பும் நடையில் சாம்பல் மூட்டையை ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், பொட்டாஷ் மூட்டை வாங்க உரக்கடைக்குப் போகும் காட்டுக்காரருக்கு அதுவே ஒரு கூலி.